இடது கண் மட்டும் சிறியதாகத் தெரிகிறது: எண்ணெயும் பயிற்சியும் போதுமா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை திரும்பச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உங்களுக்கு வயது 26. வரன் பார்ப்பதற்காக ஸ்டுடியோவில் படம் எடுக்கப் போன இடத்தில், போட்டோகிராபர் "இடது கண்ணைக் கொஞ்சம் நன்றாகத் திறங்கள்" என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். அன்று முதல் கண்ணாடி முன் நின்றாலே இடது கண்தான் முதலில் தெரிகிறது. அம்மா, பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்கிறார். உங்களுக்கோ இரண்டு ஆண்டுகளாகத்தான் என்று தோன்றுகிறது. மாலையில் அதிகமாகிறது. எட்டு ஆண்டுகளாகக் கான்டாக்ட் லென்ஸ் அணிகிறீர்கள். எந்தப் பயிற்சி செய்வது, எந்த எண்ணெய் தடவுவது, ஆபரேஷன் செய்தால் இரண்டு கண்ணும் சமமாகுமா, பார்வைக்கு ஆபத்து உண்டா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இந்த நான்குக்கும் முன்னால் வரவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இது உங்கள் முகத்தின் இயல்பா, இல்லை ஏதாவது நோயின் அடையாளமா? அதற்கு விடை தெரியாமல் மற்ற நான்குக்கும் யாராலும் பதில் சொல்ல முடியாது.

நான் கண் மருத்துவர். 22 ஆண்டுகளாகப் பெரும்பாலும் இமை, கண்குழி சார்ந்த சிகிச்சைதான் செய்துவருகிறேன். ஆனாலும் உங்களை நான் பார்க்கவில்லை. இமையைத் தொட்டு, அளந்து, மேலே கீழே பார்க்கச் சொல்லி, கண்மணியில் விளக்கடித்துப் பார்க்காமல் இன்னதுதான் என்று சொல்வது தவறு. ஒரு மருத்துவர் உங்களைப் பார்க்கும்போது என்னென்ன யோசிப்பார் என்பதைச் சொல்கிறேன். எது உறுதி, எது ஊகம் என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

"கண் சிறியது" என்று நாம் சொன்னாலும் கண் சிறுத்திருப்பது மிக அரிது. பெரியவர்களின் கருவிழி குறுக்களவில் சுமார் 11 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கும். இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் அதில் பெரும்பாலும் வேறுபாடு இருக்காது. மாறுவது இமைகளுக்கு இடையிலுள்ள திறப்பு. பெரியவர்களுக்கு அந்தத் திறப்பு நடுவில் 9 முதல் 11 மில்லிமீட்டர். மேலிமை கருவிழியின் மேல்விளிம்பை 1 அல்லது 2 மில்லிமீட்டர் மூடியிருக்கும், அதுதான் இயல்பு. ஒரே அளவில் செய்த இரண்டு ஜன்னல்களில் ஒன்றின் திரை ஒரு விரல் கீழே இறங்கியிருந்தால் அந்த ஜன்னலே சிறியதாகத் தெரியும் அல்லவா, அதுபோலத்தான். இரண்டு பக்கமும் 1 மில்லிமீட்டர் வரை வேறுபடுவது ஊரில் பலருக்கும் இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. கைபேசியின் முன்பக்கக் கேமராவை நம்பியும் முடிவெடுக்காதீர்கள். முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் பிடித்து எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகும். தலை சிறிது திரும்பியிருந்தாலும் தள்ளியிருக்கும் கண் சிறுத்துவிடும். போதாததற்கு, கண்ணாடியில் இத்தனை ஆண்டுகள் பார்த்துப் பழகிய முகத்தைப் படத்தில் இடவலம் மாற்றிப் பார்க்கும்போது, இருக்கிற சிறு கோணல்கூடப் புதிதாக வந்தது போல் தெரியும்.

ஆகவே முதல் வேலை, பழைய படங்களைத் தேடி எடுப்பது. காதணி விழா ஆல்பம், பத்தாம் வகுப்பு குழுப் படம், பிளஸ் டூ ஹால் டிக்கெட், கல்லூரி அடையாள அட்டை, எது கிடைத்தாலும் சரி. நேராகக் கேமராவைப் பார்த்து, சிரிக்காமல் எடுத்த படமாக இருந்தால் நல்லது. சிரிக்கும்போது எல்லோருக்கும் கண் சுருங்கும். அந்தப் படங்களில் ஒவ்வொரு கண்ணிலும் பிளாஷ் வெளிச்சம் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுந்திருக்கும். அந்தப் புள்ளிக்கும் மேலிமை விளிம்புக்கும் இடையிலுள்ள தூரத்தை இரு பக்கமும் ஒப்பிடுங்கள். நாங்கள் மருத்துவமனையில் டார்ச் வெளிச்சத்தையும் ஒரு சிறு ஸ்கேலையும் வைத்து அளப்பதும் இதைத்தான். இயல்பாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். மூன்று வயதுப் படத்திலும் இதே வேறுபாடு இருந்தால் அம்மா சொல்வது சரி. கல்லூரிப் படம் வரை சமமாக இருந்து அதன்பின் இறங்கியிருந்தால் நீங்கள் சொல்வது சரி. என்னிடம் வருகிறவர்களை நான் முதலில் கேட்பது பழைய படத்தைத்தான். பல நேரம் ஸ்கேன் சொல்லாததை ஒரு குழுப் படம் சொல்லியிருக்கிறது.

அம்மாவுக்கும் உங்களுக்கும் உள்ள கருத்து வேறுபாட்டைத் தீர்க்க இன்னொரு வழியும் இருக்கிறது. தலையை அசைக்காமல் கண்களை மட்டும் தாழ்த்தித் தரையைப் பாருங்கள். அம்மா எதிரில் உட்கார்ந்து இரண்டு இமைகளையும் கவனிக்கட்டும். மேலிமையைத் தூக்கும் தசை பிறவியிலேயே சரியாக உருவாகாதவர்களுக்கு அந்தத் தசையில் நார்த்தன்மை அதிகம். அது சரியாகச் சுருங்காது, சரியாகத் தளரவும் தளராது. அதனால் நேராகப் பார்க்கும்போது தாழ்ந்திருக்கும் இமை, கீழே பார்க்கும்போது மற்ற இமையைவிடச் சற்று மேலேயே நின்றுவிடும். பிற்காலத்தில், தசையை இமையோடு இணைக்கும் தசைநாண் தளர்ந்து வந்த இமைச் சரிவில் நேர்மாறு: கீழே பார்க்கும்போது அந்த இமை இன்னும் தாழும், படிக்கும்போது வரியை மறைக்கும். எளிய சோதனை, ஆனால் நம்பத்தக்கது.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதுவதற்கு வருகிறேன். இரண்டு கண்கள் வேறுபடும்போது எது குற்றவாளி என்று எப்படித் தெரியும்? சிறியதைத்தான் எல்லோரும் சந்தேகிக்கிறார்கள். பெரியதாகத் தெரியும் கண்தான் நோயுற்றதாகவும், சிறியது நல்லதாகவும் இருக்கலாம். தைராய்டு சார்ந்த கண் நோயில் மேலிமை மேலே இழுத்துக்கொள்ளும், கருவிழிக்கு மேல் வெள்ளைப் பகுதி தெரியும். சிலருக்குக் கண்ணும் முன்தள்ளும். பெரியவர்களுக்கு ஒரு பக்க இமை மேலேறுவதற்கு இதுவே முதற்காரணம். முகவாதம் வந்தவர்களுக்கு வாதம் வந்த பக்கத்துக் கண் மூடாமல் அகன்று நிற்கும். அவர்கள் மறுகண்ணைக் காட்டி "இது சுருங்கிவிட்டது" என்பார்கள். கண்ணுக்குப் பின்னால் ஏதாவது வளர்ந்தால் கண் முன்தள்ளிப் பெரிதாகத் தெரியும். பைக் விபத்தில் கண்குழியின் அடி எலும்பு உடைந்தவர்களுக்கு மாதங்கள் கழித்துக் கண் உள்வாங்கிச் சிறியதாகத் தெரியும். கண்நீர் அழுத்த நோய்க்காக (கிளாக்கோமா) ஒரே கண்ணில் நீண்டநாள் சில வகைச் சொட்டு மருந்து விடுகிறவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கொழுப்பு வற்றி, இமை குழிந்து இறங்குவதும் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். படிப்பு முடித்த புதிதில், ஒரு நடுவயதுப் பெண்மணிக்கு வலது இமை நன்றாக இறங்கியிருந்தது. இடது கண் அகன்று அழகாக இருந்தது. வலதுபுறம் மட்டும் அறுவை செய்தேன், இமை நான் நினைத்த உயரத்தில் வந்து நின்றது. மறுநாள் கட்டைப் பிரித்தபோது வலது கண் அழகாகத் திறந்திருந்தது. இடது இமை சரிந்திருந்தது. அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "நேற்று வரை நன்றாக இருந்த கண்ணை என்ன செய்தீர்கள் டாக்டர்?" என்று கேட்டார். நான் அந்தக் கண்ணைத் தொடவே இல்லை. நடந்தது இதுதான்: மூளை இரண்டு மேலிமைகளுக்கும் ஒரே அளவு உத்தரவைத்தான் அனுப்பும். 19ஆம் நூற்றாண்டில் ஹெரிங் என்ற ஜெர்மானிய உடலியலாளர் கண் அசைவுகளுக்குச் சொன்ன விதி இமைகளுக்கும் பொருந்தும். ஒரு இமை தாழ்ந்து பார்வையை மறைத்தால், அதைத் தூக்க மூளை கூடுதல் உத்தரவு கொடுக்கிறது. அந்தக் கூடுதல் மறுபக்கத்துக்கும் போய், அந்த இமையைத் தேவைக்கு மேல் தூக்கிவிடுகிறது. அவருக்கு இரண்டு இமைகளுமே சரிந்தவைதான். இடது இமை வலது இமையின் புண்ணியத்தில் நிமிர்ந்து நின்றது. தாழ்ந்த இமையை விரலால் தூக்கிப் பிடித்து, மறு இமை இறங்குகிறதா என்று பத்து விநாடி பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. அவருக்கு இரண்டாவது அறுவையும் தேவைப்பட்டது. அன்றிலிருந்து அந்த விரல் சோதனையைச் செய்யாமல் யாரையும் ஆபரேஷன் பட்டியலில் எழுதியதில்லை. உங்களைப் பார்க்கும் மருத்துவர் இதைச் செய்யாவிட்டால், செய்யச் சொல்லிக் கேளுங்கள்; அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மாலையில் அதிகமாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரியை எந்த மருத்துவரும் லேசாகக் கடந்துபோகக் கூடாது. தசைநாண் தளர்ந்த சாதாரணச் சரிவும் களைப்பில் கொஞ்சம் கூடும். அதனால் மாலையில் கூடுகிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் மயஸ்தீனியா கிராவிஸ் என்றொரு நோய் இருக்கிறது. நரம்பு தசைக்குச் செய்தி கொடுக்கும் சந்திப்பில், உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகத் தாக்குவதால் வருவது. தசை ஓய்வுக்குப் பின் நன்றாக வேலை செய்யும், பயன்படுத்தப் பயன்படுத்தச் சோர்ந்துவிடும். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் அறிகுறியே கண்ணில்தான்: காலையில் எழும்போது இமை சமமாக இருக்கும், மாலையில் இறங்கும், ஒரு வாரம் இடது, மறுவாரம் வலது என்றுகூட மாறும், சில நேரம் ஒன்று இரண்டாகத் தெரியும். இளம்பெண்களுக்கு இது வருவது அரிதல்ல. ஆகவே உங்களிடம் நான் கேட்கவேண்டியவை: பொருள்கள் இரண்டாகத் தெரிகின்றனவா? சாப்பிடும்போது பாதியில் தாடை சோர்கிறதா? தண்ணீர் குடிக்கும்போது மூக்கில் ஏறுகிறதா? நீண்ட நேரம் பேசினால் குரல் மூக்கால் வருகிறதா? தலைவாரக் கையைத் தூக்கினால் ஓய்ந்துபோகிறதா? இதில் ஒன்றுக்காவது ஆம் என்றால் அழகு பற்றிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு உடனே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

இதற்கு மருத்துவமனையில் செய்யும் ஒரு சோதனை இன்றும் எனக்கு வியப்பளிப்பது. கையுறையில் பனிக்கட்டியைப் போட்டு, மூடிய இமைமீது 2 நிமிடம் வைப்போம். எடுத்துத் துடைத்ததும் உடனே அளப்போம். 2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இமை உயர்ந்திருந்தால் மயஸ்தீனியா என்ற சந்தேகம் வலுக்கும். குளிர்ச்சியில் அந்த நரம்பு-தசைச் சந்திப்பு சற்று நன்றாக வேலை செய்வதுதான் காரணம். அதன்பின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் பார்ப்போம், நெஞ்சுக்கூட்டில் தைமஸ் சுரப்பியை ஸ்கேன் செய்வோம். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கண்ணோடு நிற்கும் மயஸ்தீனியாவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாது. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. இந்த நோய்க்கு மருத்துவம் பெரும்பாலும் மாத்திரைதான். தெரியாமல் கத்தி வைத்தால் இன்று சரியாகும் இமை மறுமாதம் வேறு உயரத்தில் நிற்கும்.

உங்கள் விவரத்தை மட்டும் வைத்து எனக்கு எதன்மேல் அதிக ஐயம் என்று கேட்டால், கான்டாக்ட் லென்ஸின் மேல்தான். இது ஊகம் என்பதை மறக்காதீர்கள். மேலிமையைத் தூக்கும் தசை, ஓர் அகன்ற நாண் வழியாக இமைத் தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நாளும் லென்ஸைப் பொருத்தவும் எடுக்கவும் இமையை இழுப்பது, கண்ணைக் கசக்குவது, உள்ளிருந்து லென்ஸ் உரசுவது இவையெல்லாம் சேர்ந்து ஆண்டுகள் போகப்போக அந்த நாணைத் தளர்த்தும். கடின லென்ஸில் இது அதிகம், மென்மையானதிலும் உண்டு. லென்ஸ் அணிவதால் இந்த ஆபத்து கூடுகிறது என்பது உறுதி. உங்களுக்கு அதுதான் காரணம் என்பது உறுதியல்ல. இடது கண்ணின் இமை மடிப்புக்கோடு வலதைவிட உயரத்தில் இருக்கிறதா, புருவத்துக்குக் கீழே குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் என் ஊகம் வலுப்படும். எப்படியானாலும் இரண்டு மாதம் கண்ணாடிக்கு மாறிப் பாருங்கள். இமையின் உட்புறம் ஒவ்வாமையால் தடித்து, அந்தக் கனத்தில் இறங்கியிருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். காணாமல் போனதாக நினைத்த பழைய லென்ஸ் ஒன்று மேலிமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு அதை வீங்க வைத்த நிகழ்வுகளும் உண்டு. இமையைப் புரட்டிப் பார்க்காமல் விடக்கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

காத்திருக்கவே கூடாத நிலைகளையும் சொல்லவேண்டும், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். திடீரென்று ஒரு பக்க இமை முழுதாக மூடி, தூக்கிப் பார்த்தால் கண் வெளிப்பக்கமாகவும் கீழாகவும் ஒதுங்கி, கண்மணி விரிந்து, தலைவலியும் இருந்தால் மூளை ரத்தக்குழாயில் ஏற்பட்ட வீக்கம், இமையைத் தூக்கிக் கண்ணை அசைக்கும் மூன்றாவது மூளை நரம்பை அழுத்துகிறது என்றே முதலில் எண்ணவேண்டும். அது மணிக்கணக்கில் முடிவெடுக்கவேண்டிய அவசரம். நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் இதே நரம்பு செயலிழக்கும். பெரும்பாலும் கண்மணி விரியாது, மூன்று மாத அளவில் தானே திரும்பும். ஆனால் இது சர்க்கரையால் வந்தது என்று வீட்டிலிருந்தபடி தீர்மானிக்காதீர்கள். இமை 1 அல்லது 2 மில்லிமீட்டர் மட்டும் இறங்கி, அதே பக்கத்துக் கண்மணி சிறுத்து, விளக்கை அணைத்தால் அந்த வேறுபாடு கூடினால் அது ஹார்னர் என்று பெயரிட்ட நிலை. கழுத்து வலியோடு புதிதாக வந்தால் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். புகைபிடிப்பவருக்கு நுரையீரல் உச்சியில் கட்டி இருக்கலாம். இன்னொன்று நம் கிராமங்களுக்கே உரியது. இரவு தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியலில் வயிற்று வலியோடு எழுந்து, இரண்டு இமைகளையும் தூக்க முடியவில்லை என்றால் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். அதன் கடியில் வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது, பல் தடம் கண்ணுக்குத் தெரியாமலே போகும். இமைகளில் தொடங்கும் செயலிழப்பு அடுத்த சில மணி நேரத்தில் மூச்சுத் தசைகளுக்கு இறங்கும். மந்திரிக்கவோ தூக்கக் கலக்கம் என்று விடவோ நேரமில்லை. நஞ்சுமுறிவு மருந்தும் செயற்கை சுவாச வசதியும் உள்ள அரசு மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். பச்சைக் குழந்தையின் ஒரு இமை தாழ்ந்திருந்தால், குளிப்பாட்டும்போது நெற்றியையும் புருவத்தையும் நீவிவிட்டால் சரியாகிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். நீவுவதால் அந்தத் தசை வளராது. இமை கண்மணியை மறைத்தாலும், இமையின் அழுத்தத்தால் கருவிழியின் வளைவு மாறினாலும், அந்தக் கண்ணிலிருந்து மூளைக்குத் தெளிவான படம் போகாது. ஏழெட்டு வயதுக்குள் பார்க்கப் பழகாத கண் பிற்காலத்தில் பழகுவது மிகக் கடினம். சோம்பேறிக் கண் என்கிறோமே, அது இதுதான். அதனால் பெரியவர்களின் சாதாரண இமைச் சரிவில் அவசரமில்லாவிட்டாலும் குழந்தைகளின் சரிவில் உடனே ஒருமுறை பரிசோதனை கட்டாயம். சில குழந்தைகள் பால் குடிக்கும்போது, ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் தாழ்ந்த இமை மேலே துள்ளித் துள்ளி இறங்கும். தாய்தான் அதை முதலில் பார்ப்பாள், குழந்தை கண்ணடிக்கிறது என்று மகிழ்வாள். மார்கஸ் கன் என்ற மருத்துவர் 1883இல் விவரித்த நிலை அது. தாடை அசைக்கும் நரம்பின் இழை வழிமாறி இமைத் தசைக்குப் போவதால் வருவது. பயப்படத் தேவையில்லை, ஆனால் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

எண்ணெய்க்கும் பயிற்சிக்கும் வருகிறேன். விளக்கெண்ணெய் இமையின் தோலை மென்மையாக்கும், தளர்ந்த நாணை இழுத்துக் கட்டாது. புருவத்தைப் பிடித்துக்கொண்டு இமையைத் தூக்கும் பயிற்சிகளால் பிறவிச் சரிவோ நாண் தளர்ச்சியோ சரியானதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. மயஸ்தீனியாவில் அதே பயிற்சி இமையை இன்னும் சோர்வடையச் செய்யும். அழுத்தித் தேய்ப்பது எல்லாவற்றிலும் தீமை. ஆக்ஸிமெட்டாஸோலின் 0.1 சதவீதச் சொட்டு மருந்தைப் பெரியவர்களுக்குப் பின்னாளில் வந்த இமைச் சரிவுக்கு அமெரிக்காவில் 2020இல் அனுமதித்தார்கள். மேலிமையில் முல்லர் தசை என்ற சிறு துணைத்தசை இருக்கிறது. அதைச் சுருக்கி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தூக்கும், சில மணி நேரம் நிற்கும். குணப்படுத்தாது. மூக்கடைப்புக்கு விற்கும் சொட்டு மருந்திலும் இதே பெயர் இருப்பதால் யாரோ ஒருவர் அதைக் கண்ணில் விட்டுப் பார்ப்பார் என்று எனக்கு உண்மையிலேயே கவலை, தயவுசெய்து விடாதீர்கள். அறுவை வேண்டாதவர்களுக்கும் செய்ய முடியாதவர்களுக்கும் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் உட்புறம் மெல்லிய கம்பி பொருத்தி இமையைத் தாங்க வைக்கலாம். கண்மையை இரு கண்ணுக்கும் வேறு தடிமனில் தீட்டி 1 மில்லிமீட்டர் வேறுபாட்டை மறைப்பதை நான் குறைவாக நினைப்பதில்லை. பலருக்கு அதுவே போதுமானது.

ஆபரேஷன் எது என்பதை இமைத் தசையின் பலம் தீர்மானிக்கிறது. புருவம் உதவிக்கு வராதபடி கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, முழுதாகக் கீழே பார்க்கச் சொல்லிப் பிறகு மேலே பார்க்கச் சொல்வோம். இமை எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளப்போம். 15 அளவில் நகர்ந்தால் இயல்பு. நன்றாக நகர்ந்தால் நாணை முன்னிழுத்துத் தைத்தால் போதும், அல்லது இமையின் உட்புறமாக முல்லர் தசையைச் சுருக்கலாம். 4 அல்லது அதற்குக் குறைவு என்றால் பெரும்பாலும் நெற்றித் தசையோடு இமையை ஒரு கயிறு போல இணைக்கவேண்டும். அதற்குத் தொடையிலிருந்து எடுக்கும் நார்ப்பட்டையோ சிலிகான் இழையோ பயன்படும். உங்களுக்கு என் ஊகம் சரியென்றால் முதல் வகைதான். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, நீங்கள் விழித்திருக்கும்போதே செய்வோம். மடிப்புக்கோட்டில் கீறினால் உள்ளே மஞ்சள் கொழுப்பு தெரியும். அதை ஒதுக்கினால் அடியில் அந்த நாண் வெள்ளைப் பட்டு போலப் பளபளக்கும். ஒரு தையல் தற்காலிகமாகப் போட்டு, உங்களை மேசையிலேயே எழுப்பி உட்காரவைத்து, நேராகப் பார்க்கச் சொல்லி உயரத்தைச் சரிபார்ப்போம். அந்த நேரத்தில் மரத்துப்போகும் ஊசி மருந்தில் கலந்த அட்ரினலின் முல்லர் தசையைத் தூண்டி இமையைச் சற்றுத் தூக்கியிருக்கும். வீக்கம் கொஞ்சம் தாழ்த்தியிருக்கும். இரண்டையும் மனத்தில் கழித்துக் கூட்டித்தான் முடிச்சைப் போடுகிறோம்.

அதனால்தான் சமமாகுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: 1 மில்லிமீட்டருக்குள் கொண்டுவருவதுதான் எங்கள் இலக்கு, பெரும்பாலோருக்கு அது கிடைக்கிறது. அச்சில் வார்த்தது போல இருக்கும் என்று யாராவது உறுதி கொடுத்தால் அந்த உறுதியை நம்பவேண்டாம். எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் சிலருக்குக் குறைவாகவோ அதிகமாகவோ தூக்கிவிட்டு மீண்டும் திருத்தவேண்டி வரும். மடிப்புக்கோடு இரு பக்கமும் சற்று வேறுபடலாம். கண் முழுதாக மூடாமல் உலர்ந்துபோவது சிலருக்குச் சில வாரம் இருக்கும். ஏற்கெனவே கண்ணீர் குறைவாக உள்ளவர்களை நாங்கள் தயங்கித்தான் எடுப்போம். பார்வையைப் பொறுத்தவரை, இது கண்ணுக்கு வெளியே இமையில் செய்வது. கண்ணைத் திறந்து உள்ளே போவதில்லை. பார்வை பறிபோகும் வாய்ப்பு மிக மிக அரிது, ஆனால் பூஜ்யம் இல்லை: கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தேங்கினால் அது அவசரநிலை. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளைப் பற்றி முன்கூட்டியே கேட்பது அதற்காகத்தான். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வேறுபாட்டுக்கு, அதுவும் பிறவியிலேயே இருந்ததற்கு என்றால், நான் அறுவை செய்வதில்லை. சரிசெய்வதைவிடக் கெடுக்கும் வாய்ப்பு அங்கே அதிகம். நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வந்து கேட்பவர்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீக்கம் வடிந்து, உயரம் நிலைபெற, தழும்பு மங்க மூன்று மாதமாவது வேண்டும்.

இமை, கண்குழி சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்ற கண் மருத்துவரைப் பாருங்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் இருக்கிறது. போகும்போது பழைய படங்கள் நான்கைந்து, கடந்த ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், கையை நீட்டாமல் வேறொருவர் ஆறடி தள்ளி நின்று எடுத்த படங்கள், லென்ஸ் பெட்டி, தைராய்டு பரிசோதனை செய்திருந்தால் அந்தச் சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கண்மை தீட்டாமல் போங்கள். முடிந்தால் மாலை நேரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். காலையில் போனால் அவர் பார்க்கவேண்டிய சரிவு அங்கே இல்லாமல் போகலாம்.